அழுக்கு போகட்டும், கல் இருக்கட்டும்



மும்பையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் ரயில்வேயின் சிவில் பிரிவில் பணியாற்றி, 2018-ல் ஓய்வு பெற்று, இப்போது சொந்த ஊரில் இருக்கிறேன். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே, எல்லையை ஒட்டிய சிறு கிராமம். எங்கள் வீடு கேரளத்தில். சந்தைக்குப் போவது தமிழ்நாட்டுக்கு. வீட்டில் பேசுவது தமிழ். பஞ்சாயத்து ஆபீசில் எழுதிக் கொடுப்பது மலையாளம்.

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். நான் எழுத்தாளன் அல்லன், டிப்ளமா படித்த எஞ்சினியர். ஆகவே தெரிந்த தொழிலைப் பற்றியே எழுதுகிறேன். பழைய கட்டடங்களின் வெளிப்புறத்தை எப்படிச் சுத்தம் செய்ய வேண்டும், எப்படிச் செய்யக் கூடாது என்பதே பொருள்.

மும்பையில் இருப்பவர்களுக்கு இது எதற்கு என்று தோன்றலாம். ஊர்க் கோயிலின் திருப்பணி ரசீதுப் புத்தகம் வராத தமிழ் வீடு மும்பையில் உண்டா? பணம் கொடுப்பவர் ஒரு கேள்வி கேட்டால் ஊரில் பத்துப் பேர் யோசிப்பார்கள். என்ன கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. இன்னொரு காரணமும் உண்டு. உங்களில் சிலருக்கு நான் ஒரு கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1996-ல் நடந்தது

எங்கள் ஊரில் ஒரு சின்னக் கோயில். அடிப்பகுதி கருங்கல். அதற்கு மேல் சுவர் முழுக்க வெட்டுக்கல், சுண்ணாம்புப் பூச்சு. கருங்கல் வரிசை ஒன்றில் வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு. கும்பாபிஷேகம் செய்யத் தீர்மானித்தபோது நான் மும்பையில் நன்கொடை திரட்டினேன். உங்கள் வீடுகளில் சில பெரியவர்கள் தாராளமாகக் கொடுத்தார்கள். ஒரு மாதம் லீவு போட்டு ஊருக்கு வந்தேன். 'எஞ்சினியர் வந்தாச்சு' என்று எல்லாப் பொறுப்பையும் என்னிடமே விட்டார்கள்.

கல்லெல்லாம் கறுத்துப் பாசி பிடித்திருந்தது. ஆசிட் ஊற்றிக் கழுவச் சொன்னேன். போகாத இடத்தில் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்க்கச் சொன்னேன். கல் இடுக்குகளிலிருந்த பழைய சுண்ணாம்புச் சாந்தைக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் அடைத்தோம். மேற்சுவரின் சுண்ணாம்பைத் தட்டிவிட்டு சிமென்ட் பூசி, அதன் மேல் எனாமல் பெயின்ட் அடித்தோம். கோயில் புதுசு போல் மின்னியது.

ஒருவர் மட்டும் வேண்டாம் என்றார். எழுபது வயது தாண்டிய கொத்தனார். "மக்கா, இது அழுக்கு இல்ல, வெள்ளம் வந்த தடமாக்கும். வெள்ளம் எங்க இருந்து வருதுண்ணு மொதல்ல பாரு. சுண்ணாம்ப எடுத்தா சொவரு வேர்க்கும்" என்றார். பள்ளிக்கூடம் போகாதவர் என்ன சொல்வது என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது மழைக்காலத்தில் மேற்சுவரின் பெயின்ட் கொப்புளமாக எழும்பியது. பிறகு சிமென்ட் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. உள்ளே வெட்டுக்கல் மாவாக உதிர்ந்தது. கருங்கல் இடுக்குகளில் வெள்ளையாக உப்புப் பூத்தது. ஆசிட் பட்ட கற்களில் துருப் போன்ற மஞ்சள் கறை படிந்தது. நான் ஓய்வு பெற்று வந்த பிறகு, கல்வெட்டு படிக்கும் மாணவர் ஒருவர் மைப்படி எடுக்க வந்தார். ஈரத் தாளைக் கல்லில் ஒற்றி, மை தட்டிப் பார்த்தார். யாரோ ஒருவர் விளக்கெரிக்க நிலம் கொடுத்திருக்கிறார். நிலத்தின் பேச்சு தெரிகிறது. கொடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருக்கிறது. அங்கேதான் பாசி அதிகமாக இருந்தது. அங்கேதான் நாங்கள் அதிகமாகத் தேய்த்தோம்.

1996-ல் நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்ப் பலகை வாசலில் இருக்கிறது. என் பெயரும் அதில் உண்டு. அது இன்றும் தெளிவாகப் படிக்க முடிகிறது. நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய கணக்கு இதுதான்.

எல்லையோரக் கற்கள்

இந்தப் பகுதியில் ஒரு கல்வெட்டு போவது சின்ன விஷயம் அல்ல. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தும் கேரள அரசின் பராமரிப்பில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோடு போட்டவர்கள் மனிதர்களைப் பிரித்தார்கள். கற்கள் அவை இருந்த இடத்திலேயே நிற்கின்றன.

பழைய தென் திருவிதாங்கூர்க் கோயில்களில் கொல்லம் ஆண்டு குறித்த தமிழ்க் கல்வெட்டுகள், பல வட்டெழுத்திலேயே, ஏராளம். து.அ. கோபிநாதராவ் முதலான அறிஞர்கள் 1910 முதல் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் இவற்றை அச்சிட்டார்கள். அச்சில் ஏறியவை பிழைத்தன. எங்கள் கோயில் போன்ற சிறு கோயில்களில் யாரும் படி எடுக்காத வரிகள் இன்னும் உண்டு. அந்த வரி கல்லில் போனால் எங்கும் இல்லை.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயிலில் 'அம்மச்சிப் பிலாவு' என்று ஒரு பழைய பலாமரத்தைப் பேணி வைத்திருக்கிறார்கள். எதிரிகளிடமிருந்து தப்பிய மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்தார் என்பது மரபு. அந்த மரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் நல்ல செழிப்பான பலாக்கன்று வைத்தால் யாராவது பார்க்க வருவார்களா? மரத்துக்குத் தெரிகிற நியாயம் கல்லுக்கு மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

அழுக்கு என்பது எது?

கல்லின் மேல் கறுப்பாகத் தெரிவதெல்லாம் ஒரே பொருள் அல்ல. வைத்தியர் நோய் பார்ப்பது போல முதலில் வகை பார்க்க வேண்டும்.

முதலாவது தூசியும் புகையும். இது மேலோடு நிற்கும். இரண்டாவது எண்ணெய்ப் பிசுக்கு. விளக்கும் அபிஷேகமும் உள்ள இடத்தில் கல்லின் நுண்துளைகளில் இறங்கியிருக்கும். மூன்றாவது பாசியும் கற்பாசியும். இரண்டு பருவமழையும் பெய்யும் எங்கள் பகுதியில் இதுவே முக்கியம். கற்பாசியின் நுண் இழைகள் கல் மணிகளுக்கு இடையே புகுந்திருக்கும். காய்ந்த நிலையில் சுரண்டினால் கல்லையும் பெயர்த்துக்கொண்டு வரும். நான்காவது உப்பு. இது வெளியிலிருந்து ஒட்டியது அல்ல. சுவருக்குள்ளிருந்து நீருடன் வந்து, நீர் ஆவியானதும் தங்குவது.

நீங்கள் தினமும் கடந்து போகும் விக்டோரியா டெர்மினஸ், இன்றைய சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ், இதற்கு நல்ல பாடம். 1878-ல் பணி தொடங்கிப் பத்தாண்டில் எழுந்த அந்தக் கட்டடம் 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அதில் மணற்கல்லும் உண்டு, சுண்ணாம்புக் கல்லும் உண்டு. நகரக் காற்றிலுள்ள கந்தகப் புகை சுண்ணாம்புக் கல்லுடன் சேர்ந்தால் ஜிப்சம் உண்டாகும்; மழை படாத மறைவில் அது கரியையும் பிடித்துக்கொண்டு கறுப்புத் தோலாக நிற்கும். மணற்கல்லில் கறுப்பு வேறு வகையில் ஏறும். ஒரே கட்டடத்தில் இரண்டு கல்லுக்கும் ஒரே மருந்து கூடாது.

செய்யக் கூடாதவை

மணல் வீச்சு: கம்ப்ரஸர் வைத்துக் காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி அடிப்பது. ரயில்வேயில் இரும்புப் பாலத்தின் கர்டர்களுக்கு இதைச் செய்வோம். துருவை நீக்கி, பெயின்ட் நன்றாகப் பிடிக்கும்படி இரும்பைச் சொரசொரப்பாக்குவதே அதன் நோக்கம். கல்லிலும் அதே வேலையைத்தான் செய்யும். உளியின் தடம் போகும், எழுத்தின் விளிம்பு மழுங்கும், சிற்பத்தின் கண்ணும் விரலும் தேயும். சொரசொரப்பான கல்லில் அடுத்த மழைக்குப் பாசி முன்னைவிடச் சீக்கிரம் பிடிக்கும். அந்தத் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் வரும். அதற்குக் குணம் கிடையாது.

தமிழ்நாட்டில் பல கோயில்களில் இப்படிச் செய்து பெரும் சேதம் ஆனதால் அறநிலையத் துறை மணல் வீச்சுக்குத் தடை விதித்தது. கோயில் திருப்பணிகள் பற்றிய வழக்கில் யுனெஸ்கோ நிபுணர்களின் அறிக்கையும் 2017-ல் வந்தது. 2021 ஜூன் 7-ல் சென்னை உயர் நீதிமன்றம் பழைய கோயில்களையும் சின்னங்களையும் காக்க 75 கட்டளைகள் இட்டது. இவ்வளவுக்குப் பிறகும் சிறு ஊர்களில் யாருக்கும் தெரியாமல் மெஷின் ஓடுகிறது.

ஆசிட்: சுண்ணாம்பை ஆசிட் கரைக்கும் என்பது பள்ளிப் பாடம். கல்லைப் பிடித்து நிற்பது சுண்ணாம்புச் சாந்து. ஆக ஆசிட் ஊற்றுவது மூட்டுகளைத் தின்னக் கொடுப்பதாகும். கருங்கல்லிலுள்ள இரும்புச் சத்தைக் கிளப்பி மஞ்சள் கறை உண்டாக்கும். எவ்வளவு கழுவினாலும் மிச்சம் உள்ளே தங்கி உப்பாகும். ப்ளீச்சிங் பவுடரும் உப்பை விட்டுச் செல்லும்.

கம்பி பிரஷ்: கல்லைக் கீறும். உதிர்ந்த கம்பித் துணுக்குகள் இடுக்கில் நின்று துருப்பிடிக்கும்.

அதிக அழுத்தத் தண்ணீர்: கார் கழுவும் மெஷின் பழைய சாந்தை அரித்து, நீரைச் சுவரின் வயிற்றுக்குள் ஏற்றும்.

எனாமல் பெயின்ட், சிலிக்கோன் பூச்சு: 'வாட்டர் ப்ரூஃப்' என்று விற்பார்கள். வெளியிலிருந்து வரும் நீரைத் தடுப்பது உண்மையாகவே இருக்கட்டும். தரையிலிருந்து ஏறும் நீரும் கூரையிலிருந்து இறங்கும் நீரும் எந்த வழியாக வெளியேறும்?

இவை நம் நாட்டுத் தவறுகள் மட்டும் அல்ல. ஸ்காட்லாந்தில் எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் மணற்கல் கட்டடங்களை 1970, 80-களில் ஆசிடாலும் மணல் வீச்சாலும் வெளுக்க வைத்தார்கள். பிறகு கல் அரிந்து கறை ஏறுவதைக் கண்டு, ஆராய்ச்சி செய்து, விதிகளைக் கடுமையாக்கினார்கள்.

தண்ணீருக்கு வழி விடுங்கள்

ரயில் பாதை ஓரத்தில் மண்ணைத் தாங்கி நிற்கும் கல் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் வரிசையாகத் துளைகள் இருக்கும். வீப் ஹோல் என்போம். மண்ணுக்குள் சேரும் நீர் அவற்றின் வழியே வெளியேற வேண்டும். துளை அடைத்தால் நீர் பின்னால் சேர்ந்து சுவரைத் தள்ளும். ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் அவற்றைக் குத்திச் சுத்தம் செய்ய வைப்பது என் வேலையாக இருந்தது. ஒரு துளை அடைத்திருந்தாலும் ஆட்களைத் திட்டுவேன். அதே நான், ஊர்க் கோயில் சுவரின் துளைகள் அத்தனையையும் சிமென்ட் வைத்து அடைத்தேன்.

சுண்ணாம்புச் சுவருக்கு உடம்பெல்லாம் துளை. சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு நீர்த்துப் பூசினால் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது. ஆனால் நுண்துளைகள் நிற்பதால் ஈரம் வெளியே போகும். சுவரை விட அது மென்மையானது. ஆகவே கேடு வந்தால் முதலில் தான் உதிர்ந்து கல்லைக் காப்பாற்றும். சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமென்ட் அப்படியல்ல. அது கடினம், ஈரத்தை விடாது, தன்னிடமுள்ள உப்பையும் கொடுக்கும். மூட்டு கெட்டியாகிவிட்டால் ஈரம் கல் வழியாகப் போகும், கல் உதிரும். புதிய கட்டடத்தில் சிமென்ட் நல்ல பொருள். பழைய கட்டடத்தில் அது பகை. கொத்தனார் 'வேர்க்கும்' என்று ஒரே சொல்லில் சொன்னது இதுதான்.

ஆகவே முதல் வேலை கழுவுவது அன்று. மேல்தள ஓடு உடைந்திருக்கிறதா, மழைநீர்த் தூம்பு அடைத்திருக்கிறதா, சுவரடியில் மண் ஏறியிருக்கிறதா, சுற்றிலும் போட்ட சிமென்ட் தளம் நீரைச் சுவர்ப் பக்கம் தள்ளுகிறதா என்று ஒரு மழைநாளில் குடை பிடித்துச் சுற்றிப் பாருங்கள். நீர் வரும் வழியை அடைத்தால் பாதிப் பாசி தானாகக் காயும். அரசும் ஆலும் முளைத்திருந்தால் பிடுங்கக் கூடாது. வேருடன் கல் பெயரும். வெட்டிவிட்டு, வேரை மடியச் செய்து, இடுக்கைச் சுண்ணாம்பால் நிரப்ப வேண்டும்.

முறையான வழி

இந்தியத் தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவு 1917-ல் தொடங்கியது; டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்டது. அவர்களுடைய பழக்கம் மென்மையான வழியிலிருந்து தொடங்குவது. தாஜ்மகாலின் மஞ்சளிப்பை நீக்க 1994-லும் பிறகு 2001, 2008, 2014 ஆண்டுகளிலும் முல்தானி மண்ணைப் பற்றுப் போட்டார்கள். மண் காயும்போது அழுக்கைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். பிறகு மெதுவாக எடுத்து நீரால் கழுவிவிடலாம். கருங்கல்லின் பாசிக்கு, வெகுவாக நீர்த்த அம்மோனியாவும் காரமில்லாத சோப்புக் கரைசலும் மென்மையான பிரஷும் பயன்படுத்துவார்கள். அம்மோனியாவை ப்ளீச்சிங் பவுடருடன் ஒருபோதும் கலக்கக் கூடாது; நச்சு வாயு வரும்.

நம் ஊர்க் கோயிலுக்கு வரிசை இதுதான். முதலில் போட்டோ எடுத்து, கல்வெட்டு இருந்தால் தெரிந்தவரைக் கொண்டு மைப்படி எடுக்க வேண்டும். பிறகு காய்ந்த மென்பிரஷால் தூசி தட்ட வேண்டும். பிறகு வெறும் தண்ணீர், தேங்காய் நார் அல்லது நைலான் பிரஷ். பாசியை முதலில் நனைத்து ஊறவிட்டு, மரச் சீவலால் எடுக்க வேண்டும். அதிலும் போகாவிட்டால்தான் மருந்து. அதுவும் கண்ணில் படாத மூலையில் ஒரு சாண் இடத்தில் செய்து, சில வாரம் காத்திருந்து பார்த்த பிறகு. கோடையில் செய்தால் சுவர் உலரும். எழுத்துள்ள கல்லை நிபுணர் இல்லாமல் தொடவே கூடாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னமானால் அனுமதியில்லாமல் எதையும் செய்வது குற்றம்.

எப்போது நிறுத்துவது என்பதும் முக்கியம். நானூறு வருடக் கல் நானூறு வருடக் கல்லாகத்தான் தெரிய வேண்டும்.

ரசீது கொண்டு வருபவரிடம் கேளுங்கள்

1. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா?
2. கழுவும் முறை என்ன? மணல், ஆசிட், கிரைண்டர் உண்டா?
3. பூச்சும் மூட்டும் சுண்ணாம்பா, சிமென்டா?
4. கல்வெட்டும் பழைய ஓவியமும் இருக்கிறதா? படி எடுத்தாயிற்றா?
5. சிறு இடத்தில் சோதனை செய்து பார்த்தீர்களா?

ஐந்துக்கும் பதில் வந்த பிறகு பணம் கொடுங்கள். 'ரெண்டு நாளில் முடிச்சிருவோம்' என்று சொன்னால் கொடுக்காதீர்கள்.

எங்கள் ஊரில் இப்போது

2022 ஜூலை 6-ல் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் 418 ஆண்டுகளுக்குப் பிறகு கும்பாபிஷேகம் நடந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த எங்கள் ஊராருக்கும் ஆசை பிறந்தது. கூட்டத்தில் என் தம்பி மகன், "பெரியப்பா, மெஷின் வாடகைக்குக் கிடைக்கும். ரெண்டு நாள்ல பளபளண்ணு ஆக்கிரலாம்" என்றான். நான் எழுந்து, 1996-ல் செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பிறகு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய், அந்தக் கல்லில் வழவழப்பான இடத்தைக் கையால் தடவிப் பார்க்கச் சொன்னேன். மெஷின் பேச்சு அதோடு நின்றது.

சென்ற கோடையில் மேற்சுவரின் சிமென்டைக் கையுளியால் சிறிது சிறிதாக எடுத்தோம். சில இடங்களில் வெட்டுக்கல்லும் கூடவே வந்தது. நிறுத்தி, அப்படியே விட்டோம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் சுண்ணாம்புச் சாந்து குழைத்தோம். அந்த மூத்த கொத்தனார் இப்போது இல்லை. அவருடைய பேரன்தான் சாந்து குழைத்தான். பதம் அவனுக்கு வீட்டிலேயே தெரிந்திருந்தது. இந்த மழைக்குச் சுவர் வேர்க்கவில்லை. கோயில் மின்னவில்லை, சுத்தமாக இருக்கிறது. இன்னும் இரண்டு கோடை வேலை மிச்சம் உண்டு.

கல்வெட்டில் போன எழுத்து திரும்பாது. மீதமுள்ள வரிகளுக்கு மைப்படி எடுத்து, ஒரு பிரதியைக் கோயிலிலும் ஒன்றை ஊர் நூலகத்திலும் வைத்திருக்கிறோம். ஊருக்கு வரும்போது சொல்லுங்கள். அழைத்துச் சென்று காட்டுகிறேன்.